மெஷின் ரூம் தூசி

எங்க வீட்டுக்காரருக்கு ஒரு ஜலதோஷம் பிடிச்சுகூட நான் பார்த்ததில்ல. பதினாலு வருஷமா லிப்ட் மெக்கானிக். தும்மிக்கிட்டே கிடக்கறது நான்தான். "உன்னை வாங்கும்போதே பழுது"ன்னு கிண்டல் பண்ணுவாரு. அப்படிப்பட்ட மனுஷன் மூணு வாரமா தலைவலின்னு சுவத்துல சாஞ்சு உட்கார்ந்தாரு. ஒருநாள் காலைல குளியலறைக் கதவுன்னு நினைச்சு வெறும் சுவரை இழுத்துக்கிட்டு நின்னாரு. டாக்ஸி பிடிச்சு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன்.

முதுகுல ஊசி குத்தி நீர் எடுத்தாங்க. அப்புறம் ஒரு லேடி டாக்டர் வந்து, மூளையைச் சுத்தியிருக்கற சவ்வுல பூஞ்சை பிடிச்சிருக்குன்னாங்க. ரொட்டியில பிடிக்குமே அதுவான்னு கேட்டேன். அந்த மாதிரிதான், ஆனா நல்ல உடம்புக்கு இது ரொம்ப அபூர்வம், பெரும்பாலும் எதிர்ப்பு சக்தி இல்லாதவங்களுக்குத்தான் வரும்னாங்க. அதனால எச்.ஐ.வி. டெஸ்ட் எடுக்கணுமாம்.

டெஸ்ட்ல ஒண்ணுமில்லன்னு அன்னிக்கே வந்துடுச்சு. சரி, தப்பிச்சோம்னு மூச்சு விடறதுக்குள்ள, எதுக்கும் இன்னொரு தடவை எடுத்துடலாம்னாங்க. அதுதான் என்னைக் கொன்னுது. ஒண்ணுமில்லன்னா எதுக்கு ரெண்டாவது தடவை? வீட்ல புறா வளர்க்கறீங்களா, அவர் வேலை செய்யற இடத்துல புறா உண்டான்னெல்லாம் கேட்டாங்க. பேச்சை மாத்தறாங்கன்னு எரிச்சல் வந்துச்சு. புறாவும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்லன்னு சொல்லிட்டேன்.

மனசு சும்மா இருக்குமா? அவர் வெளியூர் சர்வீஸ்னு போன நாளெல்லாம் வரிசையா ஞாபகம் வந்துச்சு. கட்டில்கிட்ட குனிஞ்சு மெதுவா கேட்டேன்.

"யாரு அவ?"

அவர் என்னையே பார்த்தாரு. ஒரு வார்த்தை பேசாம கண்ணை மூடிக்கிட்டாரு. தலைக்குள்ள அவ்வளவு வலியோட இருக்கறவர் என்ன பதில் சொல்லுவாரு? அது எனக்குத் தோணவே இல்ல. ஒத்துக்கிட்டாருன்னே முடிவு கட்டிட்டேன். நேரா அண்ணன் வீட்டுக்குப் போய் போனை ஆஃப் பண்ணிட்டேன்.

அண்ணி பக்கத்துல உட்கார்ந்து, டாக்டரை இன்னொரு வார்த்தை கேட்டிருக்கலாமேன்னு சொல்லிப் பார்த்தாங்க. நான் காதுலயே போட்டுக்கல. மறுநாள் மத்தியானம் போனை ஆன் பண்ணேன். அவரை நினைச்சு இல்ல, மாமியாருக்குப் போட்டு, உங்க பிள்ளை பண்ணின காரியத்தைப் பாருங்கன்னு நல்லா நாலு வார்த்தை கேக்கறதுக்காக. ஆன் பண்ணதும் மெசேஜ் மேல மெசேஜ். ஆஸ்பத்திரியிலிருந்து பத்தொம்பது தடவை கூப்பிட்டிருக்காங்க.

கட்டின சேலையோட ஓடினேன். மண்டைக்குள்ள அழுத்தம் ஏறி, ஓட்டை போட்டு ட்யூப் வைக்க வேண்டியிருந்துதாம். கையெழுத்து போட ஆளில்ல. உங்களுக்காகக் காத்திருந்தோம், அப்புறம் காத்திருக்க முடியாம நாங்களே முடிவெடுத்து செஞ்சுட்டோம்னு டாக்டர் சொன்னாங்க. உயிருக்கு இனிமே பயமில்லையாம்.

"ஆனா அதுக்குள்ள அந்த அழுத்தத்துல ரெண்டு கண்லயும் பார்வை போயிடுச்சும்மா. திரும்ப வரும்னு என்னால சொல்ல முடியல."

ரெண்டாவது டெஸ்ட்லயும் ஒண்ணுமில்லன்னு அதுக்கப்புறம் சொன்னாங்க.

அந்த வாரம் அவர்கூட வேலை செய்யறவர் பார்க்க வந்தாரு. ரெண்டு மாசம் முன்னாடி ஒரு பழைய கட்டடத்து மொட்டைமாடியில லிப்ட் மெஷின் ரூமைத் திறந்தாங்களாம். உடைஞ்ச ஜன்னல் வழியா வருஷக்கணக்கா புறா அடைஞ்சு, எச்சம் காய்ஞ்சு மாவா கிடந்துருக்கு. கன்ட்ரோல் பெட்டியில ஈரத்துணி படக்கூடாதுன்னு, எங்க வீட்டுக்காரர் முகமூடியைக் கழட்டிட்டு, வழக்கம்போல ஒவ்வொரு ஒயரையும் வாயாலயே ஊதி ஊதிச் சுத்தம் பண்ணியிருக்காரு. புறா எச்சத் தூசி வழியா அந்தப் பூஞ்சை பரவும்னு டாக்டர் அப்புறம் சொன்னாங்க. அன்னிக்குத் தலையெல்லாம் வெள்ளையா வீட்டுக்கு வந்தாரு. மாவு மில்லுல வேலை கிடைச்சுடுச்சான்னு கேட்டு சிரிச்சவளே நான்தான். சட்டையை பால்கனியில உதறினதும் நான்தான். டாக்டர் புறான்னு கேட்டப்போ இதுல ஒண்ணாவது என் மரமண்டைக்கு எட்டுச்சா?

ஒன்றரை மாசம் கழிச்சு வீட்டுக்கு அனுப்பினாங்க. ஆஸ்பத்திரி லிப்டுக்காக நின்னுக்கிட்டிருந்தோம். அவர் கை என் தோள்ல இருந்துச்சு.

"அன்னிக்கு உன் போன்ல சார்ஜ் இல்லாம போச்சா?"ன்னு கேட்டாரு.

ஆமான்னு சொல்லியிருந்தா அதோட முடிஞ்சிருக்கும். தப்பிச்சுக்கோன்னு அவரே வழி விடறாருன்னும் புரிஞ்சுது. ஆனா வாய் வரல. நான்தான் ஆஃப் பண்ணேன்னு சொல்லி, எதுக்குன்னும் சொன்னேன்.

"மொத டெஸ்ட்டையாவது நம்பியிருக்கலாம்"னாரு.

லிப்ட் வந்துச்சு. என் தோள்ல இருந்து கையை எடுத்துட்டு, கதவோரத்தைத் தடவிக்கிட்டே தனியா உள்ள போனாரு. விரலால தேடி, கீழ்த்தளத்து பட்டனைச் சரியா அமுக்கினாரு.

"கதவு மூடிடும். ஏறு."

ஏறினேன். அவர் கையைப் பிடிக்க எனக்குத் தைரியம் வரல.