கார்த்தின் பையில் உதிராத ஃபிளாப்ஜாக்

போன வாரம் நான் சுட்டுக்கொண்டுபோன ஃபிளாப்ஜாக்கை, அதாவது ஓட்ஸ் கேக்கை, கல்குவாரி ஆட்கள் கரண்டியால் அள்ளித் தின்றார்கள். துண்டாக ஒன்றும் தேறவில்லை.

"கலவைல சிமென்ட் பத்தல நோரீன்," என்றான், கல்லரைக்கும் எந்திரத்தை ஓட்டும் கார்த்.

பதினோரு வருடமாக அங்கே லாரி ஓட்டுகிறேன். என் வேலையை ஒருவனும் குறை சொன்னதில்லை. அவர்கள் சிரித்தது உறைத்தது.

ஞாயிற்றுக்கிழமை மறுபடி இறங்கினேன். வெண்ணெய், சர்க்கரை, கோல்டன் சிரப் என்ற சர்க்கரைப் பாகு மூன்றையும் உருக்கி, ஓட்ஸைக் கொட்டிக் கிளறி, தகரத் தட்டில் முஷ்டியால் அழுத்தி அடுப்புக்குள் வைத்தேன். நடுப்பகுதி மெத்தென்று இருக்கும்போதே அடுப்பிலிருந்து எடுத்து, சூட்டோடு கத்தியால் கோடு போட்டேன்.

"ஒரு துண்டு குடுடி, வாசனையே ஆளைக் கொல்லுது," என்றான் என் வீட்டுக்காரன் கிளைவ்.

"தட்டைத் தொட்ட, கையை ஒடிச்சிடுவேன். போன வாரம் உன் அவசரத்துக்குச் சூடா எடுத்துத்தான் எல்லாம் உதிர்ந்துச்சு. ராத்திரி பூரா தட்டுலயே ஆறட்டும்."

மறுநாள் குவாரியில் பத்து மணித் தேநீருக்குத் தட்டின் மூடியைத் திறந்தேன். கார்த் ஒன்றைத் தின்றான். இன்னொன்றை எடுத்து, காகிதம்கூடச் சுற்றாமல், கால்சட்டைப் பின்பையில் செருகிக்கொண்டு எந்திரத்தில் ஏறிவிட்டான்.

மூன்று மணிக்கு இறங்கி வந்தவன் அதை எடுத்து எல்லோருக்கும் தூக்கிக் காட்டினான். ஒரு மூலைகூட உடையவில்லை.

"அஞ்சு மணி நேரம் இதுமேல உக்காந்து குலுங்கியிருக்கேன்டா. ஒரு பொடி உதிரல!"

"அப்ப அதை நீயே தின்னுக்க," என்றேன்.

இந்த முறை அவர்கள் சிரித்தது அவனைப் பார்த்து. என் தட்டு அதற்கு முன்பே காலி.