நாலரை நட்சத்திரப் படம்

என் தம்பியைக் கொன்ற வழக்கைப் படமாக எடுத்தார்கள். நாலரை நட்சத்திரம் கிடைத்தது.

கரோலினாவில் எங்கள் ஊரை ஒட்டிய ராணுவ முகாமில், தண்டனை என்று சொல்லித் தம்பி வெண்டலை உச்சிவெயிலில் ஓடவிட்டார்கள். சுருண்டு விழுந்தவன் எழவில்லை. ஓடவிட்ட இரண்டு பேரை ராணுவ நீதிமன்றம் விசாரித்தது. படம் முழுக்க அந்த விசாரணைதான். வக்கீல் கத்துகிறார், கர்னல் பதிலுக்குக் கத்துகிறார். விமர்சகர்கள் மாய்ந்து மாய்ந்து எழுதினார்கள். கர்னலாக நடித்தவரின் தாடை துடித்ததற்கே ஒருவர் ஒரு பத்தி ஒதுக்கியிருந்தார்.

அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு விமர்சனத்திலும் மகன் பெயரைத் தேடினாள். படத்தில் அவன் பெயரை மாற்றவில்லை. ஆனாலும் ஒன்றிலும் இல்லை. கர்னலின் தாடைக்கு இருந்த மரியாதை என் தம்பிக்கு இல்லை. லைல் கோவிங்டன் என்ற பெரிய விமர்சகர், செத்தவனை அதிகம் காட்டி நேரத்தை வீணாக்காதது இயக்குநரின் புத்திசாலித்தனம் என்று எழுதியிருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அந்தக் கோவிங்டனே எங்கள் ஊருக்கு வந்தார். முகாம் வாசலுக்கு எதிரே உள்ள தியேட்டரில் படம், முடிந்ததும் கேள்வி பதில். அரங்கில் பாதிப் பேர் விடுப்பில் வந்த சிப்பாய்கள். நான் மைக்கை வாங்கினேன்.

"செத்துப்போன பையன் பேர் என்ன சார்?"

"நல்ல கேள்வி. அந்தச் சின்ன வேஷத்துலயும் டேரன் ஃபோல்க் பிரமாதமா பண்ணியிருக்காரு."

"நடிகர் பேரை யாரு கேட்டா?"

அவர் முகத்தில் சிரிப்பு குறைந்தது. "உங்க கோபம் புரியுது மேடம். ஆனா படம் அந்தப் பையனைப் பத்தினது இல்லையே. நீதியைப் பத்தினது."

"அவன் இல்லாம என்னய்யா நீதி?"

அம்மா என் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கினாள்.

பட்டாளத்தில் ஒருவன் செத்தால், அவன் பிரிவை வரிசையாக நிற்கவைத்துப் பெயர் கூப்பிடுவார்கள். மற்றவர்கள் "இருக்கேன்" என்பார்கள். செத்தவன் பெயரை மூன்று முறை கூப்பிட்டு, பதில் வராத அமைதியோடு அவனை வழியனுப்புவார்கள். வெண்டலுக்கு அதைச் செய்யவில்லை. வழக்கு முடியட்டும் என்றார்கள். முடிந்தபோது பிரிவையே கலைத்து ஆளுக்கொரு பக்கம் அனுப்பியிருந்தார்கள்.

"ப்ரூவர்," என்று தம்பியின் குடும்பப் பெயரைக் கூப்பிட்டாள் அம்மா.

முன்வரிசையில் ஒரு சிப்பாய் திரும்பிப் பார்த்தான். பிறகு எழுந்து விறைப்பாக நின்றான்.

"வெண்டல் ப்ரூவர்."

நாற்காலிகள் வரிசை வரிசையாகக் கிறீச்சிட்டன. அரங்கில் இருந்த அத்தனை சிப்பாய்களும் எழுந்துவிட்டார்கள்.

"சிப்பாய் வெண்டல் ப்ரூவர்."

பதில் வரவில்லை. அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். மேடையில் கோவிங்டன் கண்ணைச் சுருக்கிக் கடைசி வரிசை வரை தேடிப் பார்த்துவிட்டு, மைக்கருகே குனிந்தார்.

"அவர் வரல போலிருக்கு மேடம். அடுத்த கேள்விக்குப் போயிடலாமா?"