நாற்காலியில் வேலை பார்த்த கோட்டு

நைரோபியில் அந்த அமைச்சகத்தின் நான்காம் மாடியில், நாற்காலி முதுகில் கோட்டு தொங்கினால் ஆள் வேலையில் இருப்பதாகக் கணக்கு. உரியவர் ஊருக்குப் போய்ச் சோளம் அறுத்துத் திரும்பும்வரை தனியாக அலுவலகத்தைத் தாங்கிய கோட்டுகள் உண்டு. மாடி முழுவதிலும் கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தவர் என்சியோகா ஒருவர்தான். அத்தனை கோட்டுகளின் கோப்புகளும் அவர் மேசைக்கே வந்து, சுவராக எழுந்து, ஜன்னலை மறைத்துவிட்டன. மேலதிகாரி பராசாவின் செருப்புச் சத்தம் கேட்டாலே அவருக்கு நெஞ்சு அடைக்கும்.

கொஞ்ச காலமாக, பேருந்தை விட்டிறங்கி நடந்தால் வலது கெண்டைக்கால் இறுக்கிப் பிடித்தது. நின்றால் விட்டது, நடந்தால் மறுபடி பிடித்தது.

டாக்டரம்மா பாதத்தில் நாடி தேடிப் பார்த்தார். "கால் ரத்தக்குழாய் சுருங்கியிருக்கு. மாத்திரை தர்றேன், ஆனா தினமும் நடக்கணும். வலிச்சா நில்லுங்க, விட்டதும் நடங்க. சும்மா விட்டா நாளைக்கு இதயத்துலயும் கை வைக்கும். ஆபீசுல நெருக்கடி அதிகமோ?"

"மேசைய விட்டு எந்திரிச்சா மேலதிகாரி முழுங்கிடுவாரும்மா."

"முழுங்கட்டும். கால் போச்சுன்னா எங்க எந்திரிக்கிறது?"

அலுவலகத்தில் பக்கத்து மேசை முவெண்டே, டாக்டரம்மா சொன்னதை என்சியோகா சொல்லக் கேட்டுவிட்டு, கையிலிருந்த சமோசாவை நிதானமாக மென்று முடித்தாள். "இத்தன வருஷத்துல அந்தக் கோட்டுக்கு ஒரு நாளாவது வேலை கொடுத்தீங்களா? எல்லாத்தையும் நீங்களே செஞ்சா அது எப்பத்தான் கத்துக்கும்?"

"அது ஏமாத்து இல்லையா?"

"ஏமாத்துதான். கேட்டா 'இப்பத்தான் இங்க இருந்தார்'னு கோட்டைக் காட்டுறேன். கிளம்புங்க."

மறுநாள் மதியம் என்சியோகா கோட்டைக் கழற்றி மாட்டினார். தோலை உரித்து மாட்டியது போலிருந்தது.

பூங்காவில் பாதி தூரம் போவதற்குள் கால் பிடித்தது. நின்றார். எதிரே ஜகரந்தா மரத்தடியில் வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவரும் குனிந்து கெண்டைக்காலை அமுக்கியபடி நின்றார். நிமிர்ந்தபோது பார்த்தால், பராசா.

"உன் கோட்டு எங்கய்யா?" என்றார் பராசா.

"நாற்காலியில, ஐயா. உங்களது?"

"அதுவும் அங்கதான். மந்திரி போன் பண்ணிடுவாரோன்னு உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன்."

இந்த மனிதருக்கும் ஒரு செருப்புச் சத்தம் இருக்கும் என்று என்சியோகா நினைத்துப் பார்த்ததே இல்லை.

"எந்தக் கால்?"

"வலது, ஐயா."

"எனக்கு இடது. விட்டுடுச்சா?"

"விட்டுடுச்சு."

"அப்ப நட."

நடந்தார்கள். ஒருவர் கால் விட்டால் மற்றவர் கால் பிடித்தது. ஆமைகள்கூட முந்திப் போயிருக்கும்.

"உன் மேசையில கோப்பு நிறைய கிடக்கோ?"

"ஜன்னல் தெரிஞ்சு வருஷமாச்சு, ஐயா."

பராசா காலைப் பிடித்துக்கொண்டு நின்று சொன்னார்:

"நாளைக்கு எல்லாத்தையும் மத்த கோட்டுகளுக்குப் பிரிச்சுக் கொடுத்துடு. மதியம் இங்க வந்துடு."