பனியன் துணிக் கட்டு

1

பல்லடத்தில் என் வீட்டு இன்டர்நெட் செத்துப்போன அன்று, சரிசெய்ய வந்தவர் பேச்சுவாக்கில் சொன்னதிலிருந்து வந்தது இந்தக் கதை. கேபிளை வெட்டாமலே ஒட்டுக்கேட்கலாமாம். உள்ளே இருக்கும் கண்ணாடி இழையை லேசாக வளைத்தால் வளைவில் கொஞ்சம் வெளிச்சம் கசியும். அதை ஒரு கவ்வி பிடித்துக்கொள்ளும். போகிற தகவல் போய்க்கொண்டே இருக்கும். அவர் சொன்னது அவ்வளவுதான். கதையில் வரும் ஆட்கள் மட்டும் என்னுடையவர்கள்.

2

முதல் வரி: திருப்பூரின் தெருக்களுக்கு அடியில் ஒளி ஓடிக்கொண்டி

(அடித்துவிட்டேன். இங்கே கேபிள் கம்பத்தில்தான் தொங்குகிறது.)

மறுபடியும். கேபிள் வேலை பார்க்கும் இசக்கிமுத்து கம்பத்தில் ஏணியைச் சாய்த்தான். கிட்டுசாமியின் பனியன் கம்பெனியிலிருந்து வெளிநாட்டுக்கு அனுப்பும் புது டிசைன்களெல்லாம் போட்டிக்காரர் கைக்கும் போய்க்கொண்டிருந்தன. மெயில் அனுப்புகிற சித்ராதேவிமேல்தான் எல்லோருக்கும் சந்தேகம். அவளை வேலையைவிட்டு நிறுத்துவதற்குமுன், எதற்கும் லைனையும் பார்த்துவிடலாம் என்று இவனைக் கூப்பிட்டிருந்தார்கள்.

(வழியில் யாரும் படிக்க முடியாதபடி மெயிலுக்குப் பூட்டு கிடையாதா என்று கேட்பவர்களுக்கு: இந்தக் கம்பெனியில் போடவில்லை. போட்டிருந்தால் எனக்குக் கதை இல்லை.)

3

கம்பத்துப் பெட்டியைத் திறந்தான். இழை வளைந்து ஒரு கவ்விக்குள் நுழைந்திருந்தது. கவ்வியைக் கட்டியிருந்தது முறுக்கிய பனியன் வெட்டுத்துணி.

அது மோகன்ராஜின் கட்டு. இந்த வட்டாரத்தில் வேறு யாரும் அப்படிக் கட்டுவதில்லை. "பிளாஸ்டிக்ல கட்டுனா நசுக்கிப்போடும் மாப்ள. பனியன் துணிதான் நோகாம புடிக்கும்" என்பான்.

இருவரும் ஒன்றாக வேலைக்குச் சேர்ந்தவர்கள். மங்கலம் ரோடு முழுக்க அவர்கள் இழுத்த கேபிள்தான். மோகன்ராஜ் ஒரு முனையில் இழைக்குள் சிவப்பு லைட் அடிப்பான், இசக்கிமுத்து மறுமுனையில் "வந்துட்டுலே!" என்று கத்துவான். ரோட்டில் போகிறவர்கள் திரும்பிப் பார்த்துச் சிரிப்பார்கள், மோகன்ராஜும் சேர்ந்து சிரிப்பான். சாப்பாடு ஒரே தூக்குப்போசியில். எவ்வளவு நல்ல நாட்கள்!

(மோகன்ராஜ் ஏன் இதைச் செய்தான்? காரணங்கள் எழுதிப் பார்த்தேன். எதுவும் அவனுடைய அந்தச் சிரிப்போடு ஒட்டவில்லை... விடுங்கள்.)

4

மோகன்ராஜின் பெயரை இசக்கிமுத்து சொல்லிவிடுவதாக ஒரு முடிவு எழுதினேன். இசக்கிமுத்து அப்புறம் என்னோடு பேசவில்லை.

கவ்வியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு "ஒண்ணுமில்ல" என்பதாக இன்னொன்று. சித்ராதேவி டிபன்பாக்ஸை எடுத்துக்கொண்டு என் பத்தியைவிட்டே வெளியேறினாள்.

துணியை அவிழ்த்தெறிந்துவிட்டுக் கவ்வியை மட்டும் காட்டலாமே? காட்டலாம். ஆனால் அந்தப் பெட்டிக்குச் சாவி வைத்திருப்பவர்கள் இரண்டே பேர். ஒருவன் மோகன்ராஜ், மற்றவன் இசக்கிமுத்து.

5

இறங்கிவிட்டான். கிட்டுசாமி காத்திருக்கிறார். பின்னால் சித்ராதேவி.

"ஏனுங்க தம்பி, லைன்ல ஏதாச்சும் இருந்துச்சுங்களா?"

இசக்கிமுத்து வாயைத் திறக்கிறான். எனக்கு இதற்குமேல் எழுத வரவில்லை. உங்களுக்கும் அப்படி ஒரு கூட்டாளி இருந்திருப்பான். அவனை நினைத்துக்கொண்டு நீங்களே பதில் சொல்லுங்கள். சித்ராதேவியின் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்.