அடுப்பு வாய் இந்தப் பக்கம்

இரும்புக் குழாய்களை வண்டியிலிருந்து இறக்கிப் போடும் சத்தம் முன்வாசலில் கேட்டபோது, சென்னம்மாள் பின்கட்டில் அடுப்பு வாய்க்கு முன்னால் குந்திப் புகையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். ஐம்பத்தாறாம் வருசத்து மார்கழி. தளி ஊர்க் குளிரில் விறகு அத்தனை லேசில் பிடிக்காது. பெங்களூரிலிருந்து பாய்லர் வருகிறது, குழாயெல்லாம் புதுசாக மாற்றப்போகிறார்கள் என்று ஊரில் நாலு பேர் சொன்னபோது அவள் நம்பவில்லை. மங்கம்மாக்கா தனக்கு ஒரு ஜாடையாவது காட்டாமல் இருப்பாளா?

மங்கம்மா அவளுடைய ஓரகத்தி. புருசனின் அண்ணன் நாராயணப்பனுக்கு வாழ்க்கைப்பட்டவள். அண்ணன் தம்பி பாகம் பிரிந்த அன்று பெரியமனுசர்கள் வந்து வீட்டின் குறுக்கே கயிறு பிடித்தார்கள், கோழிக்குழம்பு சாப்பிட்டார்கள், வெற்றிலை போட்டுக்கொண்டு போனார்கள். கயிறு குளிக்கிற அறையின் பின்சுவர் மேல் ஓடியது. அந்தச் சுவரில்தான் பெரிய தாமிர அண்டாவைச் சுண்ணாம்பு வைத்துப் பதித்திருந்தார்கள். தண்ணீர் மொள்ளுவது உள்ளே, குளிக்கிற அறையில். கீழே தீ மூட்டுகிற அடுப்பு வாய் வெளியே, பின்கட்டில். ஆக வெந்நீர் அண்ணன் பாகத்துக்கும் நெருப்பு தம்பி பாகத்துக்கும் போய்ச் சேர்ந்தது. குனிந்து பார்க்க அந்தப் பெரியமனுசர்களில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. வெந்நீர் எங்கிருந்து வருகிறது என்று எந்த வீட்டு ஆம்பளைக்குத் தெரிந்திருக்கிறது? குளிக்கப் போனால் தண்ணீர் சுடும், அவ்வளவுதான் அவர்கள் கண்டது.

அண்ணனும் தம்பியும் ஒருத்தர் முகத்தில் ஒருத்தர் முழிக்காமல் போனார்கள். பெண்டுகளும் பேசக்கூடாது என்று ஆயிற்று. ஆனால் குளிக்காமல் முடியுமா? விடிகாலையில் மங்கம்மா உள்ளே வந்து செம்பால் அண்டா விளிம்பில் டங்கென்று ஒரு தட்டுத் தட்டுவாள். சென்னம்மாள் இடுக்கியால் அடுப்புக் கல்லில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுத் தீயைத் தள்ளிவிடுவாள். தண்ணீர் காய்ந்ததும் அடுப்புக்கு மேலே உள்ள சின்ன ஜன்னலில் இரண்டு குடம் வெந்நீர் வந்து உட்காரும். மூட்டியவளுக்குப் பங்கு. அவள் புருசன் கங்கப்பன் காய்ச்சலில் போன பிறகும் அது நிற்கவில்லை. பிள்ளைகுட்டி இல்லாத வீட்டில், விடிந்ததும் அவளைத் தேடுகிற சத்தம் அது ஒன்றுதான். வெந்நீருக்கு என்ன, மூன்று கல் வைத்தால் ஒரு பானை காய்ந்துவிடும். எழுந்துவிட்டாயா என்று கேட்க ஆள் வேண்டாமா? அக்கா வாயால் கேட்க முடியாததைச் செம்பால் கேட்கிறாள் என்று சென்னம்மாள் எண்ணி வைத்திருந்தாள். அதை நினைத்து ஒருநாளும் வாய்விட்டுச் சிரித்ததில்லை, ஆனால் அதற்காகத்தான் எழுந்தாள்.

வெயில் ஏறியதும் குழாய்க்காரர் அருள்ஜோசப் கடப்பாரையோடு பின்கட்டுக்கு வந்தார். கிணற்றுத் தொட்டியிலிருந்து அண்டாவுக்குப் போன பழைய குழாய் அவளுடைய மண்ணுக்கடியில்தான் கிடந்தது. கிருஷ்ணகிரிக்காரர், மரியாதை தெரிந்த மனுசர். தோண்டலாமா என்று கேட்டுவிட்டுத் தோண்டினார். வெளியே வந்த குழாயைக் கல்லில் தட்டியதும் துரு செதில் செதிலாக உதிர்ந்தது. உள்ளே சுண்டுவிரல் நுழைகிற ஓட்டைதான் மிச்சம்.

"இதுல எப்பிடிம்மா இத்தினி நாளு தண்ணி போச்சு? புதுசு செவுத்து மேலயே போவுது. இனிமே உங்க எடத்த நாங்க தொடவே வேணாம்."

சென்னம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "ஏப்பா, அந்தப் பாய்லருலருந்து இந்தப் பக்கம் ஒரு கொழா வுட முடியுமா?"

"அது என்ன பெரிய வேல? நடுவுல ஒரு கிளை வெச்சாப் போச்சு. அந்தம்மா ஒரு வார்த்த சொல்லட்டும்."

சொல்லாமல் இருப்பாளா? சென்னம்மாளுக்கு நெஞ்சு லேசாயிற்று. குழாய் போடுகிற சாக்கிலாவது பேசிக்கொள்ளலாம் என்று கூடத் தோன்றியது.

மத்தியானம் அண்டாவைப் பெயர்த்து எடுத்தார்கள். சுவரில் மாட்டுவண்டிச் சக்கரம் போகிற அகலத்துக்கு ஓட்டை விழுந்தது. அண்டாவை உள்ளே உருட்டிக்கொண்டு போகும்போது அதன் உள்பக்கத்தைச் சென்னம்மாள் பார்த்தாள். புளி போட்டுத் தேய்த்துத் தேய்த்துப் பொன்னாக இருந்தது. தான் தீ வைத்த அடிப்பக்கம் கரி பிடித்துக் கன்னங்கரேலென்று இருந்தது. ஓட்டைக்கு அந்தப் பக்கம் மங்கம்மாவின் பாதங்கள் தெரிந்தன. வீங்கியிருந்தன, குதிகால் வெடித்திருந்தது. அக்காவுக்கு இவ்வளவு வயசாகிவிட்டதா?

"அக்கா."

பாதங்கள் நின்றன. மங்கம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் குந்தினாள். இருவரும் நேருக்கு நேர் பார்த்துக்கொண்டார்கள்.

"எனுக்கும் இந்தப் பக்கம் ஒரு கொழா வுடச் சொல்லுக்கா. வெறவு வேணும்னா நானே போடறேன்."

"வேணாம் சென்னம்மா."

"பெரியவரு வேணாங்கறாரா?"

"அவருக்கு இதெல்லாம் என்ன தெரியும்? பாய்லரு வேணும்னு ஒத்தக்கால்ல நின்னது நாந்தான்."

சென்னம்மாளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. மங்கம்மா குரலை உயர்த்தவில்லை. காய்கறி விலை சொல்வதுபோலச் சொன்னாள்.

"எம்பொண்ணு காவேரிக்குக் கொழந்த பொறந்த மூணாம் நாளு ஞாபகம் இருக்குதா? பச்ச ஒடம்புக்காரி, குளுர்ல வெறயலோட நின்னுக்கினு இருந்தா. அண்டாவுல தண்ணி பனிக்கட்டி மாதிரி கெடந்துச்சு. நான் தட்டுனேன். மறுக்கா தட்டுனேன். உனுக்குக் கேட்டுச்சா இல்லியா?"

மறக்கிற நாளா அது. குழந்தை பிறந்ததற்குத் தெரு முழுக்கச் சர்க்கரை கொடுத்துவிட்டுத் தன் வீட்டை மட்டும் தாண்டிப் போனார்கள். அன்றைக்குச் சென்னம்மாள் விறகைக் கையில் வைத்துக்கொண்டு இதே இடத்தில் உட்கார்ந்திருந்தாள். வெயில் வந்த பிறகுதான் மூட்டினாள். அக்கா எப்போதோ மறந்திருப்பாள் என்று நினைத்திருந்தாள்.

"கேட்டுச்சுக்கா."

"கேட்டுச்சு இல்ல." மங்கம்மா தலையை ஆட்டினாள். "அன்னியிலருந்து தட்டறப்பெல்லாம் எனுக்கு இதே நெனப்புதான். இன்னிக்கு மூட்டுவாளா மாட்டாளா, இன்னிக்கு என்ன கோவமோன்னு. எங்கூட்டுல நான் குளிக்கறதுக்கு உம்மனசு எப்பிடி இருக்குதுன்னு பாத்துக்கினு நின்னேன். பிச்சக்காரி தட்டத் தட்டற மாதிரி தட்டுனேன். உனுக்கு ரெண்டு கொடம் குடுத்தது பாசத்துலன்னு நெனச்சியா? பயத்துல குடுத்தேன்."

சென்னம்மாள் வாயைத் திறந்தாள். நான் உன் சத்தத்துக்காகத்தான் எழுந்தேன் என்று சொல்ல வந்தாள். சொன்னால் அவள் நம்புவாளா? ஒரு நாள் தீயை நிறுத்தி வைத்தவள் சொல்வதை யார்தான் நம்புவார்கள்? மங்கம்மா சுவரைப் பிடித்து எழுந்தாள். மறுபடியும் பாதங்கள் மட்டும் தெரிந்தன, பிறகு அதுவும் இல்லை. கொத்தன் வந்து அந்தப் பக்கமிருந்தே செங்கல் அடுக்கிச் சாந்து பூசினான். ஜன்னலையும் சேர்த்து அடைத்துவிட்டான்.

மறுநாள் விடிகாலை சென்னம்மாள் வழக்கம்போல எழுந்துவிட்டாள். பழகின உடம்பு, சொன்னால் கேட்குமா? அடுப்பு இருந்த இடத்தில் போய்க் குந்தினாள். செங்கல் சந்துகளில் சாந்து இன்னும் ஈரமாக இருந்தது. தலைக்கு மேலே சுவரோடு ஓடிய புதுக் குழாயில் தண்ணீர் சரசரவென்று இறங்கியது. உள்ளே குழாய் திறக்கிற சத்தம், பித்தளை வாளி நிறைகிற சத்தம். பிறகு மங்கம்மா செம்பு செம்பாக மொண்டு ஊற்றிக்கொள்கிற சத்தம். அண்டாதான் இல்லையே, எதைத் தட்டுவாள்?

இடுக்கி பக்கத்திலேயே கிடந்தது. சென்னம்மாள் அதை எடுத்து அடைத்த செங்கல்லில் ஒரு தட்டுத் தட்டினாள்.

உள்ளே தண்ணீர் ஊற்றுகிற சத்தம் நின்றது. சுவரோடு காதை வைத்துக்கொண்டு அவள் காத்திருந்தாள். ஈரச் சாந்து கன்னத்தில் சில்லென்று ஒட்டியது.

பிறகு ஒரு செம்பு தண்ணீர் விழுந்தது. அதற்குப் பின்னால் இன்னொன்று.