‘கெட்’டுக்கு இருபத்துமூன்று மாற்று

ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் ஒன்பது வருஷம் விரிப்பு துவைத்தவள், வார்டு உதவியாளர் ஆவதற்கு ஆங்கிலப் பேச்சுத் தேர்வில் தேற வேண்டும். இரண்டு முறை குப்புற விழுந்தாயிற்று. மூன்றாவதுதான் கடைசி. சலவையை வெளியாளிடம் விடப்போகிறார்கள். தேறாவிட்டால் மாதக் கடைசியோடு வேலை போய்விடும்.

தம்பிதான் வாத்தியார். “வந்தாலும் ‘கெட்’, வாங்கினாலும் ‘கெட்’, காய்ச்சல் வந்தாலும் ‘கெட்’. அதனாலதான்க்கா மார்க் போச்சு.”

அந்த ஒரு ஆங்கில வினைச்சொல்லுக்கு இருபத்துமூன்று மாற்று எழுதிக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டினான். பெறுவதற்கு ரிசீவ், போய்ச் சேர அரைவ், ஆவதற்கு பிகம். வாய் தவறி ‘கெட்’ வந்தால் அவன் பங்குப் பாத்திரத்தையும் அவள்தான் கழுவ வேண்டும்.

“நம்ம வீட்ல இவ்வளவு பாத்திரம் இருக்கிறதே இப்பத்தான்டா தெரியுது.”

“வாயை அடக்கு, குறையும்.”

மூன்று வாரத்தில் வாய் அடங்கியது.

தேர்வறையில் ஒரு மேஜை, ஒலிப்பதிவுக் கருவி, தேர்வாளர் அம்மா. அட்டையில் கேள்வி: நீங்கள் பயந்த ஒரு நாள். இரண்டு நிமிடம் பேசவேண்டும்.

மகள் லிப்டில் மாட்டிக்கொண்ட நாளைச் சொல்லலாம். சொல்லத் தொடங்கியதுமே ‘கெட்’ நாக்கு நுனிக்கு வந்தது. விழுங்கினாள். ஏறியதற்கு என்டர். சரி, மாட்டிக்கொண்டதற்கு? பதினோராவது வரியா, பதினான்காவதா? “மை டாட்டர்” என்றாள். குளிர்பெட்டிக் கதவு முழுவதும் கண்முன் நின்றது, சொல் மட்டும் இல்லை. “மை டாட்டர்” என்றாள் மறுபடி.

நேரம் முடிந்து மணி அடித்தது. தேர்வாளர் கருவியை நிறுத்திவிட்டு ஆங்கிலத்தில் கேட்டார்: “மகளுக்கு என்னம்மா ஆச்சு?”

மடை திறந்தது. ஏறியது, மாட்டியது, கம்பி தேடி எடுத்தது, கதவை நெம்பி வெளியே கொண்டுவந்தது, எல்லாவற்றுக்கும் ‘கெட்’ போட்டு மூச்சு விடாமல் ஆங்கிலத்தில் சொல்லி முடித்தாள்.

“இதையே அப்பவே பேசியிருக்கலாமே.”

“‘கெட்’ சொன்னா மார்க் போகுமே.”

“அப்படி ஒண்ணும் இல்லையே. யார் சொன்னது?”

அவள் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். “இன்னொரு தடவை அந்தக் கருவியைப் போடுங்கம்மா. ரெண்டே நிமிஷம்.”

“பதிவானதுக்குத்தான் மார்க்” என்று சொல்லி, தேர்வாளர் அடுத்த எண்ணைக் கூப்பிட்டார்.

வெளியே தம்பி ஓடி வந்தான். “எத்தனை தடவைக்கா ‘கெட்’ சொல்லித் தொலைச்ச?”

“பதிவுல ஒண்ணுகூட இல்ல.”

“அப்ப பாஸ்தான்” என்று அவள் மகளுக்குப் போன் போட ஆரம்பித்தான்.