கழற்றி வைத்த சப்பாத்து

மலர் இரவல் தந்த கறுப்புச் சப்பாத்து சசிரேகாவின் காலைக் கவ்வியது. ரப்பர் பூட்ஸுக்குள் அகன்று பழகிய கால் அது.

"நடந்து காட்டுடி," என்றாள் பக்கத்து வீட்டு மலர்.

"வாத்து மாதிரி இருக்கா?"

"வாத்து பார்த்தா கோவிச்சுக்கும்லா. மெதுவா வை."

சிரித்தார்கள். சிரிக்கிற நிலைமை இல்லை. சரிவில் ஏறி இறங்கி சசிரேகாவின் முட்டி போய்விட்டது. இனித் தேயிலைக் கொழுந்தெடுக்க வராதே என்று கங்காணி சொல்லிவிட்டார். எஸ்டேட்டில் வேலை இல்லையென்றால் தொழிலாளர் லயத்தில் வீடும் இல்லை. மிச்சமிருந்தது மேட்டில் சுற்றுலாக்காரர்களுக்காக எஸ்டேட் நடத்தும் தேநீர்க்கடைதான். ஒரு நாள் வேலை செய்து காட்டச் சொல்லியிருந்தார்கள். கறுப்புப் பாவாடை, வெள்ளைச் சட்டை, விரல் தெரியாத கறுப்புச் சப்பாத்து. அங்கே பெண்களுக்கு அதுதான் சட்டம்.

மறுநாள் காலையில் மேடேறிப் போனாள். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் தரை முகம் தெரிய மின்னியது. அவள் கால் தானாக நின்றது. கோயிலோ, கணக்கெழுதும் கிராணியின் ஆபீசோ, துரை பங்களாவோ, செருப்பை வெளியே விடாமல் அவள் எந்த நல்ல தரையையும் மிதித்ததில்லை. குனிந்து சப்பாத்தைக் கழற்றிச் சுவரோரம் வைத்தாள். காலுக்கும் சுகமாக இருந்தது. உள்ளே போனாள்.

கடையைக் கவனிக்கும் நாதிரா ஓடிவந்தாள்.

"அக்கா, சப்பாத்து எங்க?"

"வெளிய கழட்டிட்டேன்மா. தரை அழுக்காயிடுமேன்னு."

நாதிரா கீழே பார்த்தாள். கறையேறி வெடித்த குதிகால், கறுத்துச் செத்த நகங்கள். ஜன்னலோரம் கேக் தின்றுகொண்டிருந்த பெண்ணும் பார்த்தாள். தட்டைத் தள்ளி வைத்தாள்.

"போட்டுட்டு வாங்கக்கா, சீக்கிரம்."

மேடேறிய கால் வீங்கியிருந்தது. சப்பாத்துக்குள் நுழைய மறுத்தது. எச்சில் தொட்டுத் தடவினாள். சுவரைப் பிடித்துக்கொண்டு மிதித்தாள். முட்டியில் உயிர் போனது. குதியுயர்ந்த சப்பாத்து போட்ட சுற்றுலாக்காரி ஒருத்தி, அடியில் செம்மண் சேறு ஒட்டியிருக்க, டக் டக்கென்று அவளைத் தாண்டி உள்ளே போனாள். அந்தச் சேற்றுக் காலை யாரும் எதுவும் கேட்கவில்லை.

நாதிரா வெளியே வந்தாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்குக் கெஞ்சியிருக்கலாம்.

"வேற வாங்கிடறேன்மா. இது இரவல்."

"சப்பாத்து வாங்கிடலாங்க்கா. காலை எல்லாரும் பார்த்துட்டாங்களே. மேனேஜர் வேணாம்னுட்டார்."

"பின்னாடி கோப்பை கழுவுறதாச்சும்..."

"அதுக்கு ஆள் இருக்குக்கா. மழை வரப்போகுது, போங்க."

வழியிலேயே மழை பிடித்தது. சப்பாத்தைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு வெறுங்காலோடு இறங்கினாள். லயத்து வாசலில் நின்ற மலர் முதலில் காலைத்தான் பார்த்தாள்.

"இந்தாடி, நனையல," என்று சசிரேகா சப்பாத்தை நீட்டினாள். "அடிகூட தேயல."

மலர் வாங்கிக்கொண்டாள். லயத்து வீட்டின் சாவியைக் கங்காணி எப்போது திருப்பிக் கேட்பார் என்று இருவருமே பேச்செடுக்கவில்லை.